திண்ணைக்கு ஒரு அருங்காட்சியகம்

லண்டனுக்கு வடக்கே ஹிட்சின் என்றொரு சிறிய ஊர். அங்கே 1837இல் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்று இன்றும் நிற்கிறது. உயரமான கூரை, ஒரே பெரிய கூடம், வரிசை வரிசையாக நீள பெஞ்சுகள், எதிரே மேடைமேல் ஒரே ஒரு வாத்தியார் மேசை. அந்த ஒருவரை நம்பி 300 பையன்களுக்காகக் கட்டிய கூடம் அது. வாத்தியார் பெரிய பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் ஆளுக்கொரு சிறு கூட்டத்தை வைத்துக்கொண்டு சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளி 1969இல் மூடப்பட்டது. கட்டடம் போகவில்லை, ‘பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் மியூசியம்’ ஆகிவிட்டது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் வகுத்த முறைப்படி கட்டிய கூடங்களில், உலகத்தில் முழுசாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள்.

நான் திருக்கழுக்குன்றத்துக்காரி. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள ஊர்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கேயோ இருக்கும் ஹிட்சினைப் பற்றி எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம், லங்காஸ்டர் பள்ளிகளின் முன்வரிசை. அங்கே உட்கார்ந்த மிகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. எதிரே ஒரு பலகை, விளிம்பு கட்டி, உள்ளே மணல் பரப்பியிருக்கும். அதில் விரலால் எழுதிப் பழகினார்கள். அந்த மணல் யோசனை எங்கிருந்து போனது என்று தேடிப் போனால், வழி நேரே சென்னைக்கு வந்து சேர்கிறது.

1787இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். ஆங்கிலேயச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்காக எழும்பூரில் ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. 1789இல் அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் பள்ளியிலும் அதையே செய்யும்படி உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். நடக்காத காரியம் என்று அவர்கள் கைவிரித்தார்கள். ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அகரவரிசை வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார் பெல். ஒரு சாதாரணச் சிப்பாயின் பிள்ளை அவன். பெரியவர்கள் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளும் பையன்கள் கைக்கே போயின.

1796இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இதைச் சிறு நூலாக லண்டனில் அச்சிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. லங்காஸ்டர் லண்டனில் தம் பள்ளியைத் தொடங்கியது 1798இல். மணலில் எழுதும் யோசனை பெல்லிடமிருந்து வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். யார் முன்னோடி என்று பின்னால் இருவர் பக்கத்து ஆட்களும் பெரிதாகச் சண்டை போட்டார்கள். அது நமக்கு முக்கியமில்லை. இருவருக்கும் முன்னோடிகள் நம்ம ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடம் இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் நடக்கிறது.

பெல்லுக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு வெளிநாட்டார் இதைக் கண்டிருக்கிறார். பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி. 1623இல் கன்னட நாட்டின் இக்கேரியில், கோயில் தாழ்வாரத்தில் நான்கு சிறுவர்கள் வாத்தியாரே இல்லாமல் கணக்குப் படிப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். ஒருவன் ராகமாகச் சொல்ல, மற்றவர்களும் சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதியிருக்கிறார்கள். ஆக, இது ஒரு ஊரின் வழக்கமோ ஒரு வாத்தியாரின் சாமர்த்தியமோ இல்லை. தென்னாடு முழுவதும் பள்ளிக்கூடம் நடந்த விதமே இதுதான்.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல, என் தாத்தாவிடம். அவர் படித்தது எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில், வாத்தியார் வீட்டுத் திண்ணையில். ஊர் விழிக்குமுன் போய்விட வேண்டும். முதலில் வருகிறவனுக்கு மரியாதை. அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு உள்ளங்கையில் பிரம்படி, வர வர எண்ணிக்கை கூடும். விடிந்ததும் முறை சொல்லுவார்கள். ஒருவன் முன்னால் சொல்ல, மற்றவர்கள் கூடவே கத்த வேண்டும். வாத்தியார் உள்ளே குளித்துப் பூசை முடித்து வரும்வரை சட்டாம்பிள்ளைதான் எல்லாம். பெல் துரை எழும்பூரில் ஏற்படுத்திய பொறுப்புக்கு நம் பள்ளிகளில் இருந்த பெயர் இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விடுமுறை. அதை வாவு என்பார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் பாதி காசு, பாதி நெல். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் வீட்டிலிருந்து வேட்டியும் தேங்காய் பழமும் போகும்.

எழுத்துக்கு முதலில் மணல், கை திருந்திய பிறகு ஓலை. பனையோலையை வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மழமழவென்று தேய்த்து, ஒரே அளவாக நறுக்குவார்கள். எழுதும் விதம் இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பேனா ஓடுகிறமாதிரி எழுத்தாணி ஓடாது. இடது கையில் ஓலையைப் பிடித்து, அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியின் முனையைச் சார்த்தி, வலது கை எழுத்தைக் கீற, இடது கட்டைவிரல் ஓலையை மெல்ல மெல்ல நகர்த்திக்கொடுக்கும். நகரவேண்டியது ஓலை. தொடர்ந்து எழுதுகிறவர்கள் நகத்தில் எழுத்தாணி தங்க ஒரு சிறு பள்ளமே வைத்திருப்பார்கள். அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுதி முடித்ததும் கீறல் மட்டும்தான் இருக்கும், எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியையோ இலைச்சாற்றையோ தடவித் துடைத்தால், கீறலுக்குள் கறுப்பு நின்று எழுத்து எழும்பி வரும். தாத்தா என் முன்னால் ஒரு ஓலை நறுக்கில் என் பெயரை எழுதி, அடுப்புக் கரியைத் தடவிக் காட்டினார். வெறும் ஓலையில் என் பெயர் வந்தது. நான் ஆசிரியை ஆனதற்கு அந்த நிமிஷமும் ஒரு காரணம்.

கணக்குதான் அவருக்கு உயிர். எண்சுவடி முழுவதும் மனப்பாடம். நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் கேட்டார்:

“பாப்பா, கால்ல கால் எவ்ளோ?”

“பதினாறுல ஒண்ணு, தாத்தா.”

“அதுக்குப் பேரு இருக்கு. மாகாணி. பேரு தெரிஞ்சாத்தான் கணக்கு கைக்கு வரும்.”

அவர் சொன்னது வெறும் பழைமைப் பிடிப்பு அல்ல என்பது, நான் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்தித் திணறிய பிறகுதான் புரிந்தது. திண்ணைப் பள்ளியில் பின்னங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி. ஏன் 320? பாதி பாதியாக ஆறு முறை பிரித்தாலும் முழு எண்ணாகவே வரும், ஐந்தாகப் பிரித்தாலும் வரும். சந்தையில் பாதி, கால், அரைக்கால் என்று பிரிக்கிறவனுக்கும், நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளக்கிறவனுக்கும் ஒரே வாய்ப்பாடு போதும். முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி என்று ஒன்று. அது 1,02,400இல் ஒரு பங்கு. பத்து வயதுப் பையன் இதையெல்லாம் ராகம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் விளையாடப் போவான். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலம் வரை இந்தக் கணக்கு கடைத்தெருவில் உயிரோடு இருந்தது. ஓர் அணா என்பதே மாகாணி ரூபாய்தானே. 1957இல் நயா பைசா வந்தது. எட்டு படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற அளவுகளும் பின்னாலேயே போயின. எண்சுவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்தப் படிப்பு எதற்குப் பயன்பட்டது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீர் முழுவதையும் அளந்து கணக்கெடுத்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் வீடு எத்தனை, ஏரி எத்தனை, நன்செய் எவ்வளவு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள். எழுதியது ஓலையில், தமிழ் எண்களில், மாவும் காணியுமாக. மணலில் விரல் வைத்துத் தொடங்கிய கைகள்தான் அவை.

இந்தப் பள்ளிகள் எத்தனை இருந்தன? சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா கலெக்டர்களையும் கேட்டார். செங்கல்பட்டிலிருந்து போன பதிலில் 508 பள்ளிகள். மாகாணம் முழுவதற்குமாக 12,498 என்று மன்றோ 1826இல் எழுதினார். காந்தியவாதியான தரம்பால் இந்த அறிக்கைகளை ஆவணக் காப்பகங்களில் தேடி எடுத்து 1983இல் வெளியிட்டார். ‘அழகிய மரம்’ என்று தமிழிலும் கிடைக்கிறது. நான் அந்த 508இல் ஒன்றையாவது போய்ப் பார்க்க முடியுமா என்று யோசித்திருக்கிறேன். முடியாது. பள்ளிக்கூடம் என்று தனியாகக் கட்டிய கட்டடமே அனேகமாக இல்லை. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி, மரத்தடி. வாத்தியார் எழுந்து போனால் அது மறுபடியும் திண்ணைதான். அதனால்தான் ஹிட்சினில் ஒரு கூடம் மிஞ்சியது, இங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. 1854க்குப் பிறகு அரசு மானியம் வந்தது. மானியம் வேண்டுமென்றால் பதிவேடு வேண்டும், அச்சுப் புத்தகம் வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார். திண்ணைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் பெஞ்சு போட்டுக்கொண்டன, இல்லையென்றால் மூடிக்கொண்டன.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திண்ணை என்பது ஒரு வீட்டைச் சேர்ந்தது. வீடு ஒரு தெருவைச் சேர்ந்தது. அந்தத் தெருவுக்குள்ளேயே கால்வைக்கக் கூடாது என்று நிறுத்தப்பட்ட பிள்ளைகள் சேரியில் இருந்தார்கள். அவர்களுக்கு மணலும் இல்லை, ஓலையும் இல்லை. பெண் குழந்தைகளும் அந்த 1822 கணக்கில் மிகக் குறைவாகத்தான் வருகிறார்கள். திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்ட மாட்டேன். நான் எழுதப் படிக்கத் தெரிந்தவளாக இருப்பதே அந்தத் திண்ணைகள் மூடிய பிறகு வந்த பள்ளிக்கூடங்களால்தான்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கியவர், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றித் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் வீடு எங்கே, உறவு யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற பயம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். அந்த மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்த பையனை நினைக்காமல் நான் எந்தப் பள்ளிக்கூடக் கதையையும் சொல்லத் தயாரில்லை. அவர் ஊர் இருந்த இதே மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் படும் பாட்டை 1891இல் அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலத்துக்கான 1892ஆம் ஆண்டு அரசாணை அதிலிருந்து வந்தது. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட அருங்காட்சியகம் என்றால் மன்றோ கணக்கும் இந்த அறிக்கையும் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

இப்போது முட்டுக்காட்டுக்கு வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், 1996 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. பத்து ஏக்கரில் 18 பழைய வீடுகள். பலவும் தென்னிந்திய ஊர்களில் இடிபட இருந்தவை. உத்தரம், தூண், கதவு என்று துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். இடத்தின் திட்டம் லாரி பேக்கர் போட்டது, முன்னின்று கட்டியவர் பென்னி குரியாக்கோஸ். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, செட்டிநாட்டு வீடு, திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர் அக்ரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு எல்லாம் அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப்போனேன். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் எல்லாரையும் உட்காரவைத்து, இதுதான் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் என்றேன்.

“டீச்சர், அப்ப கிளாஸ் ரூம் எங்க?” என்றாள் ஒருத்தி.

“நீ உக்காந்திருக்கிறதுதான் கிளாஸ் ரூம்.”

“போர்டு?”

கீழே தரையைக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, நம்பவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கு மாமல்லபுரத்திலிருந்து நல்ல மணல் வரவழைத்தேன். உப்புப் போகக் கழுவி, காயவைத்து, சல்லடையில் சலித்து, தாழ்வாரத்தில் நகக்கண் அளவுக்குப் பரப்பினோம். பரப்பு தடித்தால் விரல் புதைந்து எழுத்து சரியும், மெலிந்தால் தரை தெரியும். அந்த அளவு பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு எழுதச் சொன்னேன். நோட்டில் ‘ழ’ எழுதச் சொன்னால் கைவலிக்க வலிக்க அழித்து அழித்து எழுதும் பையன், மணலில் தோளிலிருந்து கையைச் சுழற்றி ஒரே வீச்சில் எழுதினான். எழுத்து பெரிது, தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவல், மறுபடியும் எழுதலாம். தப்பு எதுவும் அங்கே தங்குவதில்லை. சிவப்பு மையில் சுழித்த நோட்டைப் பார்த்துப் பயப்படுகிற குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் நடந்தது. எழுதத் தெரிந்தவள் பக்கத்தில் இருந்தவனின் விரலைப் பிடித்து எழுதவைத்தாள், யாரும் சொல்லாமலே. எழும்பூரில் ஃப்ரிஸ்கன் செய்தது என் தாழ்வாரத்தில் தன்னால் நடந்தது.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தெருவோரச் சிற்பக் கூடங்களிலும் கொஞ்சம் நில்லுங்கள். பெரியவர் ஒருவர் சிலையின் முகத்தில் உளி வைத்திருப்பார். அவருக்கு அடுத்தவர் கை, கால் திருத்துவார். கடைசியாக வந்த பையன் பீடத்துக் கல்லைக் கொத்திக்கொண்டிருப்பான். அவனுக்கு ஏதாவது சந்தேகம் என்றால் பெரியவரிடம் போகமாட்டான், தனக்கு ஒரு படி மூத்தவனிடம்தான் கேட்பான். 1957இல் அரசு இங்கே சிற்பக் கல்லூரி தொடங்கிப் பாடத்திட்டம் வகுத்தது நல்ல காரியம். ஆனாலும் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பழைய முறையை நேரில் பார்க்கவேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் இந்தக் கூடங்கள்தான் மிச்சம்.

திண்ணைக்கு அடுத்து வந்த ஓட்டுக் கட்டடப் பள்ளிகளும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக்குத் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகு எந்தப் பள்ளியிலும் ஓலைக்கூரை வேண்டாம் என்று எடுத்தது முற்றிலும் சரி. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழுதான பள்ளிக் கட்டடங்களை மாநிலம் முழுவதும் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. அதுவும் சரிதான். நான் விரிசல் விட்ட சுவருக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு மழைக்கும் பயந்தவள். பழைய கட்டடத்தின் அழகுக்காக ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இடிப்பது வேறு, துடைத்தெறிவது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு ஊர்ப் பள்ளியில் நூறு வயதுக்கு மேலான ஓட்டுக் கட்டடத்தை இடித்தார்கள். தேக்குக் கதவும் உத்தரமும் ஏலத்தில் போயின. மங்களூர் ஓடுகளைப் புரட்டினால் அடியில் சூளையின் பெயர் அச்சாகியிருக்கும். அவற்றை மாட்டுக்கொட்டகைக்கு வாங்கிப்போனார்கள். வருகிற ஆய்வாளர்கள் எழுதிவைத்த பார்வைக் குறிப்பேடுகள் இருந்தன. அவை பழைய பேப்பரோடு போயின. ஒரு புகைப்படம் எடுத்திருந்தால்கூடப் போதும். யாருக்கும் தோன்றவில்லை. இடிக்கச் சொன்ன உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

பெரிய மனிதர் படித்த பள்ளி என்றால் நம் நாட்டில் கதை வேறு. ராஜ்கோட்டில் காந்தி படித்த ஆல்ஃபிரட் உயர்நிலைப் பள்ளியை 2017இல் மூடி, மகாத்மா காந்தி அருங்காட்சியகமாக மாற்றி, 2018 செப்டம்பரில் திறந்தார்கள். கும்பகோணத்தில் ராமானுஜன் இருந்த வீடு காப்பாற்றப்பட்டிருக்கிறது. இரண்டும் நல்ல காரியம். ஹிட்சினில் என்னைத் தொட்டது வேறு விஷயம். அங்கே காந்தியும் படிக்கவில்லை, ராமானுஜனும் படிக்கவில்லை. படித்தவர்கள் அந்த ஊர்த் தொழிலாளர் வீட்டுப் பையன்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சு போதும், காப்பாற்ற அதுவே காரணம் என்று அந்த ஊர் நினைத்திருக்கிறது. நம் செங்கல்பட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அதற்குப் புதிதாகக் கட்டடம் தேட வேண்டாம். ஒரு திண்ணை வேண்டும். சுண்ணாம்பு பூசித் தேய்த்த, உட்கார்ந்தால் குளிர்ச்சியாக இருக்கிற அசல் திண்ணை. முட்டுக்காட்டில் அது தயாராகவே இருக்கிறது. அதில் மணல் பரப்பி, வருகிற பிள்ளைகளை எழுதவிட வேண்டும். எழுத்தாணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் அது வெறும் இரும்புக் கம்பி, கைக்கு வந்தால்தான் எழுத்தாணி. எண்சுவடியை ராகமாகச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்கள் குரலைப் பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். பிரம்பும் இருக்க வேண்டும். கோதண்டம் போட்ட உத்தரமும் இருக்க வேண்டும். பையனின் கையைக் கட்டி உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனை அது. அதை மறைத்துவிட்டு ஓலையை மட்டும் காட்டினால் அது அருங்காட்சியகம் ஆகாது. வாசலுக்கு வெளியே, தெருமுனையில், உள்ளே வர முடியாமல் நின்ற பிள்ளைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் எழுதியதை அங்கே படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

ஓட்டுக் கட்டடப் பள்ளிகளைப் பொறுத்தவரை, தலைமை ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இடிக்கும் தேதி வந்ததும் நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். கூடத்தின் நீளம், அகலம், கூரை உயரத்தை ஒரு தாளில் எழுதிவையுங்கள். அடித்த மணியையும் ஒரு கரும்பலகையையும் ஒரு ஓட்டையும் புதிய கட்டடத்தில் ஓர் அலமாரிக்குக் கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் அதைப் புரட்டியிருக்கிறேன். பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி, நின்ற காரணம் என்று பத்திகள். நின்ற காரணம் என்ற பத்தியில் சில பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ‘வேலைக்குப் போனது’ என்றே இருக்கும். சில ஆண்டுகளில் பெண் பெயரே இருக்காது. பிறகு ஒரு பக்கத்தில் ஒரு பெயர் வரும், அடுத்த பக்கத்தில் நாலு பெயர். எந்த ஆண்டில் எந்தத் தெருப் பிள்ளை முதன்முதலாக அந்தப் பள்ளிக்குள் வந்தது என்பது அந்த ஊரில் வேறு எங்கும் எழுதப்படவில்லை. நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய பதிவேடு என்றுதான் விதி. ஆனால் கரையான் விதி படிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, ஒரு பிரதி பள்ளியிலும் ஒரு பிரதி மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் இருக்கும்படி செய்துவிடுங்கள்.